கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்த ஃபோகஸ்

காட்டுயிர்ப் படம் எடுப்பவர் யாருடைய கேமராவையாவது கையில் வாங்கிப் பாருங்கள். பின்பக்கம், வலது மேல் மூலையில், கட்டைவிரல் தானாக வந்து அமரும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும். பல வருடம் உழைத்த கேமரா என்றால் அந்தப் பொத்தானின் மேலுள்ள எழுத்து மங்கியிருக்கும். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து பளபளக்கும். அந்தப் பொத்தானுக்கு ஒரே வேலைதான்: ஃபோகஸ். படத்தை எடுப்பது மேலே உள்ள ஆள்காட்டி விரலின் பொறுப்பு.

இன்றைக்கு இது இயல்பான ஏற்பாடாகத் தெரிகிறது. ஆனால் ஃபோகஸ் இந்த மூலைக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு வருடம் பிடித்தது. முதலில் அது எந்த விரலுக்கும் சொந்தமாக இல்லை. பிறகு இடது கைக்கு வந்தது. அங்கிருந்து வலது ஆள்காட்டி விரலுக்குத் தாவி, அதன்பின் கட்டைவிரலுக்கு இறங்கியது. இடம் மாறிய ஒவ்வொரு முறையும் படம் எடுப்பவர்கள் தங்கள் கையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. லென்ஸின் விலையைப் பற்றியும் மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். இந்த இடமாற்றத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கோ காட்டுயிர்ப் படக்கலையின் வரலாறே இதற்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. விலங்கு நமக்குத் தருவது சில வினாடிகள். அந்தச் சில வினாடிகளில் கண் அதைவிட்டு விலகக் கூடாது. மற்ற வேலைகளையெல்லாம் விரல்கள் பார்க்காமலே செய்து முடிக்க வேண்டும்.

1892 இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள், த்ரஷ் என்ற பாடும் பறவையின் கூட்டை முட்டைகளோடு படம் பிடித்தார்கள். மூன்று வருடம் கழித்து பறவைக் கூடுகளைப் பற்றி அவர்கள் வெளியிட்ட புத்தகத்தில் இருந்தவை அத்தனையும் வெளியில் போய் நேரடியாக எடுத்த புகைப்படங்கள். பின்னாளில் பறவைக்குத் தெரியாமல் நெருங்குவதற்காக உள்ளீடற்ற மாட்டு உருவம் ஒன்றைத் தோலால் செய்து, அதற்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டார்கள்.

கண்ணாடித் தகட்டுக் கேமராவின் காலம் அது. அதில் ஃபோகஸ் என்பது தனிச் சடங்கு. கேமராவின் பின்னால் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். திருகைத் திருகி, பிம்பம் கூர்மையாகும் வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அது முடிந்ததும் ஷட்டரை மூடி, தகட்டுப் பெட்டியைச் செருகி, அதன் மூடியை இழுக்க வேண்டும். தகடு உள்ளே போன கணமே கண்ணாடி மறைந்துவிடும். கேமராவின் வழியே ஒன்றும் பார்க்க முடியாது. இனி காத்திருக்க வேண்டியதுதான். முன்பே குறித்து வைத்த இடத்துக்குப் பறவை வந்தால் ரப்பர் குமிழைப் பிடித்து அழுத்தலாம்; குழாய் வழியே போகும் காற்று ஷட்டரைத் திறக்கும். அன்று ஃபோகஸ் முதலில், பறவை பிறகு. கூட்டுக்குத் திரும்பும் தாய்ப்பறவையின் படங்கள் அந்தக் காலத்தில் அத்தனை இருப்பதற்குக் காரணம் இதுதான். பறவை எங்கே வந்து உட்காரும் என்று முன்கூட்டியே தெரிந்த இடம் கூடு ஒன்றுதான்.

இந்த முறையை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் எஃப்.டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த இவர் 1920களில் புலிகள் நடக்கும் பாதையில் கம்பி கட்டினார். பகல் வெளிச்சத்திலேயே தூரத்தைக் கணக்கிட்டு ஃபோகஸை வைத்துவிட்டுப் போய்விடுவார். இரவில் புலியின் உடல் கம்பியில் படும்போது ஃபிளாஷ் வெடித்து, படம் பதிவாகும். அவருடைய முதல் புத்தகம் 1927 இல் வந்தது. இந்தியக் காட்டில் உயிரோடு நடமாடும் புலியை, அதன் சொந்த இருட்டில், உலகம் பார்த்தது அந்தப் படங்களில்தான். அங்கே மனித விரலுக்கு வேலையே இல்லை. ஷட்டரை அழுத்தியது புலி.

முன்கூட்டியே வைத்த ஃபோகஸ் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், வாழ்நாளின் பெரும்பகுதியை மறைவிடங்களுக்குள் கழித்தவர். 1937 இல், இரவில் ஆந்தைக் கூட்டருகே அமைத்திருந்த மறைவிடத்துக்குப் போனபோது, டானி ஆந்தை ஒன்று தாக்கியதில் இடது கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் ஒற்றைக் கண்ணோடு படமெடுத்தார். அதிவேக எலெக்ட்ரானிக் ஃபிளாஷைப் பறவைகளுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவரும் ஒருவர். கூட்டுக்குப் பறந்து வரும் பறவையின் இறகுகளைத் தெளிவாகக் காட்டும் படங்கள் 1940களில் அப்படித்தான் கிடைத்தன. இருட்டில், மறைவிடத்துக்குள், கேமராவின் ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறது என்பது அவருடைய கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். விளக்கைப் போட்டுத் தேட முடியாதே.

பறவையைத் துரத்திக்கொண்டே ஃபோகஸ் செய்ய வேண்டுமென்றால், படம் பதியும் கணம் வரைக்கும் லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சாத்தியமாக்கியது உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி. 35 மி.மீ. ஃபிலிமுக்கான ரிஃப்ளெக்ஸ் கேமராவை ஜெர்மனியின் எக்ஸாக்டா 1936 இல் கொண்டுவந்தது. (அதில் ஷட்டர் பொத்தான் இடது பக்கம் இருந்தது. இன்று அதைக் கையில் எடுத்தால் நம் வலது விரல் வெறுமையைத் தடவும்.) 1959 இல் வந்த நிக்கான் எஃப், கண் மட்டத்தில் நேரான பிம்பத்தைக் காட்டும் ஐங்கோணப் பட்டகத்தோடு உறுதியான கருவியாக உலகமெங்கும் பரவியது. அன்றிலிருந்து கால் நூற்றாண்டுக்கு ஃபோகஸ் இடது கையின் சொத்து.

இடது உள்ளங்கை லென்ஸைத் தாங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையத்தைத் திருப்பும். கேட்க எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் அதன் கடுமை தெரியும். 400 மி.மீ. லென்ஸை எஃப் 5.6 இல் திறந்து வைத்து 20 மீட்டர் தூரத்துப் பறவையைப் பார்த்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 80 செ.மீ. பறவை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தால் அந்த ஆழத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் கடந்துவிடும். 10 மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 20 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது பறவை கிட்டே வர வர வளையத்தை மேலும் மேலும் வேகமாகத் திருப்ப வேண்டும். சீராகத் திருப்பினால் தோற்றுப்போவோம். எவ்வளவு வேகம் என்று மூளை கணக்குப் போட நேரமில்லை. மணிக்கட்டு கற்றுக்கொண்டால்தான் உண்டு. அந்தத் தலைமுறையின் பறக்கும் கழுகுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த இடது கையை நினைத்து வியக்கிறேன்.

வளையம் போதவில்லை என்று கண்டவர்கள் வேறு வழி தேடினார்கள். ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரத்து நோவோஃப்ளெக்ஸ், 1950களில் துப்பாக்கிப் பிடிபோன்ற கைப்பிடி கொண்ட தொலைநோக்கு லென்ஸைச் செய்தது. பிடியை அழுத்தினால் ஃபோகஸ் நகரும். விட்டால் ஸ்பிரிங் திருப்பிக் கொண்டுவரும். திருப்பும் வேலை பிழியும் வேலையானது. லைக்காவுக்கான 400 மி.மீ. டெலிட் லென்ஸில் குழாயையே முன்னும் பின்னும் தள்ளி ஃபோகஸ் செய்தார்கள். சோவியத் நாட்டின் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை 1965 முதல் தயாரித்த ஃபோட்டோஸ்னைப்பரில், தோளில் அணைக்கும் கட்டை, விசை, 300 மி.மீ. லென்ஸ் எல்லாம் உண்டு. லென்ஸுக்கு அடியில் இருந்த சக்கரத்தை இடது கை விரல்கள் உருட்டி ஃபோகஸ் செய்யும். இந்த மூன்றையும் உருவாக்கியவர்கள் கேட்டது ஒரே கேள்வி: கை எந்த அசைவை யோசிக்காமல் செய்யும்? திருப்புவதா, பிழிவதா, தள்ளுவதா, உருட்டுவதா? இதற்கு ஒரே விடை இல்லை. ஆனால் கேட்ட கேள்வி சரி. பிற்காலத்தில் மின்னணு வசதிகள் குவிந்தபோது பல நிறுவனங்கள் இந்தக் கேள்வியை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் திரைப் பட்டியலுக்குள் புதைத்தன என்பது என் வருத்தம்.

நம் ஊரில் இந்தக் காலகட்டத்தை நினைத்தால் மா. கிருஷ்ணன்தான் முன்னால் வந்து நிற்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912 இல் பிறந்து 1996 இல் மறைந்தார். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். படங்களுக்குக் கறுப்பு வெள்ளையே போதும் என்றிருந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே அமைத்துக்கொண்ட கனத்த கேமரா ஒன்றை வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். முதுமலைக் காட்டில் கும்கி யானைமேல் அமர்ந்து காட்டு யானைகளைப் படமெடுத்தார். யானை நின்றுகொண்டிருந்தாலும் அதன் முதுகு நிற்பதில்லை. மூச்சுவிடும், எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும். முக்காலி வைக்க வழியில்லை. எதிரே மந்தையின் தலைவி காதை விரித்து நிற்கும்போது குனிந்து எண்களைப் படிக்கவும் முடியாது. ஒவ்வொரு திருகையும் தானே பொருத்திய மனிதருக்குப் படிக்க வேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

1985 இல் மினோல்டா 7000 வந்தது. ஃபோகஸ் செய்யும் மோட்டாரை உடலுக்குள்ளேயே கொண்ட முதல் ரிஃப்ளெக்ஸ் கேமரா என்று அது கொண்டாடப்பட்டது. அந்தத் தொழில்நுட்பம் தங்கள் காப்புரிமையைச் சார்ந்தது என்று அமெரிக்காவின் ஹனிவெல் வழக்குத் தொடுத்து வென்றது. 1992 இல் மினோல்டா 12 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 1987 இல் கேனன், பழைய லென்ஸ்கள் எதுவும் பொருந்தாத புதிய இணைப்பு வளையத்தோடு இஓஎஸ் வரிசையைத் தொடங்கியது. அதில் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனி மோட்டார். இடது கைக்கு இனி தாங்குகிற வேலை மட்டும்.

ஃபோகஸ் போய்ச் சேர்ந்தது ஷட்டர் பொத்தானிடம். பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம். பிறந்தநாள் விழாவுக்கு இது அருமையான ஏற்பாடு. காட்டுக்கு அப்படியில்லை. காரணத்தைச் சொல்ல ஒரு மீன்கொத்தி போதும்.

கிளையில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. ஃபோகஸை அதன் கண்ணில் பூட்டிவிட்டு, சட்டகத்தைக் கொஞ்சம் நகர்த்தி, பறவையை ஓரமாக வைத்து எடுக்க விரும்புகிறீர்கள். அதற்கு ஒருமுறை ஃபோகஸ் செய்து நிற்கும் முறை வேண்டும். சட்டென்று பறவை கிளம்புகிறது. இப்போது விடாமல் பின்தொடரும் முறை வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒரு பொத்தானை அழுத்தி ஒரு டயலைத் திருப்பியாக வேண்டும். அதற்குள் மீன்கொத்தி மீனை விழுங்கிவிட்டிருக்கும். எப்போதும் பின்தொடரும் முறையிலேயே வைத்திருந்தால் வேறு தொல்லை: ஒவ்வொரு படத்துக்கும் விரல் அழுத்தும்போது கேமரா மறுபடி ஃபோகஸ் தேடும். நடுவே ஒரு புல் தாள் ஆடினால் அதைப் பிடித்துக்கொள்ளும். எப்போது எடுப்பது, எங்கே கூர்மை இருக்க வேண்டும் என்ற இரண்டு முடிவுகளும் ஒரே விரலில் மாட்டிக்கொண்டதுதான் சிக்கல்.

1989 இல் கேனனின் இஓஎஸ் 630 இதை அவிழ்த்தது. அதன் விருப்ப அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தால் ஃபோகஸைத் தொடங்கும் வேலை ஷட்டர் பொத்தானிலிருந்து கழன்று பின்பக்கப் பொத்தானுக்குப் போய்விடும். பிறகு வந்த பல இஓஎஸ் கேமராக்களில் அந்த அமைப்பு 4 ஆம் எண்ணாகவும், பொத்தான் நட்சத்திரக் குறி போட்டதாகவும் இருந்தன. நட்சத்திரப் பொத்தானின் பிறவி வேலை வேறு: வெளிச்ச அளவைப் பூட்டி வைப்பது. ஃபோகஸ் அங்கே வாடகைக்குக் குடிவந்தது என்றே சொல்லலாம்.

அதன்பின் நடப்பது இதுதான். கட்டைவிரல் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கேமரா பறவையைப் பின்தொடரும். விரலை எடுத்தால் ஃபோகஸ் அங்கேயே உறைந்து நிற்கும். சட்டகத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆள்காட்டி விரல் எத்தனை படம் எடுத்தாலும் ஃபோகஸ் அசையாது. பறவை கிளம்பினால் மறுபடி அழுத்தினால் போதும். இரண்டு முறைகளும் ஒரே பொத்தானில், ஒரே விரலில். டயல் இல்லை, பட்டியல் இல்லை, கண்ணை எடுக்க வேண்டியதும் இல்லை. காட்டுயிர்ப் படக்கலைக்கு இதைவிடப் பெரிய உதவியைச் செய்த மாற்றம் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. இதற்குக் காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கையில் இருக்கும் பழைய கேமராவிலேயே பெரும்பாலும் இந்த வசதி இருக்கும்.

ஆனால் முதல் சில வாரங்கள் கொடுமையானவை. ஆள்காட்டி விரல் பழக்கத்தில் பாதி அழுத்தும், ஒன்றும் நடக்காது. கட்டைவிரல் தேடிக்கொண்டிருக்கும். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் புதிதாக இதற்கு மாறியிருந்த இளைஞர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே சிறகடித்து ஒரே இடத்தில் மிதந்தது. பழகுவதற்கு இதைவிடத் தாராளமான பறவை கிடையாது. அந்தரத்தில் சில வினாடி நின்றுகாட்டிவிட்டுத்தான் தலைகீழாகப் பாயும். அது பாய்ந்து மீனோடு போயேபோனது.

"அண்ணே, பட்டன் எங்க இருக்குன்னு பாக்கறதுக்குள்ள குதிச்சிடுச்சு."

"பாக்கவே கூடாது தம்பி. கேமராவைத் தூக்கும்போதே விரல் அங்க இருக்கணும்."

சொல்வது எளிது. விரல் எப்படி அங்கே இருக்கும்? அந்தக் காலத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். விசைகளைப் பார்க்காமல், தாளை மட்டும் பார்த்து அடிக்கச் சொல்வார்கள். சுண்டுவிரல் எந்த எழுத்துக்குச் சொந்தம், எங்கிருந்து கிளம்பி எங்கே திரும்ப வேண்டும் என்பதை அர்த்தமில்லாத எழுத்து வரிசைகளைப் பக்கம் பக்கமாக அடித்தே கற்றார்கள். கேமராவிலும் விரல்களுக்கு அப்படியொரு கிளம்பும் இடம் வேண்டும். ஆள்காட்டி ஷட்டர் மேல், கட்டைவிரல் ஃபோகஸ் பொத்தான் மேல். வேறு எங்கே போனாலும் வேலை முடிந்ததும் அங்கேதான் திரும்ப வேண்டும்.

நான் சொல்லித்தரும் பயிற்சி மிகச் சாதாரணமானது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கேமராவை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தூக்கிக் கண்ணில் வைக்க வேண்டும். வைக்கும்போதே கட்டைவிரல் பொத்தானில் இருக்க வேண்டும். பிறகு ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடியிலிருந்து 1/500 வினாடிக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் டயலின் ஒரு க்ளிக் என்பது மூன்றிலொரு பங்கு ஸ்டாப். மூன்று க்ளிக்கில் வெளிச்சம் இரட்டிக்கும் அல்லது பாதியாகும். 1/2000 இலிருந்து 1/500 க்கு ஆறு க்ளிக். எண்ணிக்கொண்டே திருப்பி, விளக்கைப் போட்டுச் சரிபார்க்கலாம். பறக்கும் பறவையிலிருந்து உட்கார்ந்த பறவைக்கு மாற அந்த ஆறு க்ளிக்தான் தேவை. அடுத்து ஐஎஸ்ஓ. அடுத்து வெளிச்ச ஈடு. பெரிய லென்ஸாக இருந்தால் அதன் இடது பக்கம் வரிசையாக இருக்கும் சின்னச் சுவிட்சுகளில், கிட்டத்து ஃபோகஸைத் தவிர்க்கும் சுவிட்ச் மேலிருந்து எத்தனையாவது என்று இடது கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும்.

க்ளிக்குகளை எண்ணுவதில் ஒரு நிபந்தனை உண்டு: தொடங்கும் இடம் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். நேற்று மாலை இருட்டில் ஐஎஸ்ஓவை 6400 இல் விட்டுவிட்டுப் படுத்திருந்தால், இன்று காலை எண்ணும் எண்ணிக்கை அத்தனையும் வீண். அதனால் கேமராவைப் பையில் வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு நிலையான அமைப்புக்குத் திருப்புவது நல்லது. சமையல் முடிந்ததும் அஞ்சறைப்பெட்டியைத் துடைத்து வைக்கிற மாதிரிச் சலிப்பான வேலை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம்; மறுநாள் விடியலில் சிறுத்தை ஒன்று பாதையைக் கடந்தால் அதன் பலன் தெரியும்.

வெளிச்ச ஈட்டுக்கு நம் வயல்வெளியே நல்ல பள்ளி. பச்சை வயலில் உண்ணிக்கொக்கு நிற்கிறது. கேமரா மொத்தக் காட்சியின் சராசரியைப் பார்த்துக் கணக்கிடுவதால் வெள்ளை இறகுகள் வெந்து, வரிகள் அழிந்துவிடும். கழித்தல் பக்கம் இரண்டு, மூன்று க்ளிக். அதே வயலின் மின்கம்பியில் கரிச்சான், பின்னால் வெளுத்த வானம். இப்போது கூட்டல் பக்கம் நான்கு, ஐந்து க்ளிக். இல்லாவிட்டால் கரிச்சான் வெறும் நிழலாகிவிடும். கொக்கிலிருந்து கரிச்சானுக்குப் பார்வை திரும்பும் நேரத்துக்குள் கட்டைவிரல் சக்கரம் ஏழெட்டு க்ளிக் ஓடியிருக்க வேண்டும். காகமும் கொக்கும் பருந்தும் இருக்கிற எந்த ஊரிலும் இதைப் பழகலாம். காட்டுக்குப் போய்த்தான் பழக வேண்டும் என்பதில்லை. காட்டில் பழகவே கூடாது என்பேன், அங்கே கிடைக்கும் நேரம் விலை மதிப்பற்றது.

அந்தச் சக்கரத்துக்கும் பிறப்பு உண்டு. 1986 இல் வந்த கேனன் டி90, லூயிஜி கொலானி என்ற ஜெர்மன் வடிவமைப்பாளரின் பங்களிப்போடு உருவானது. கோணங்கள் மழுங்கி, கையின் வளைவுக்கேற்ற பிடியோடு, ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலுக்கென்று ஒரு டயல். அதற்கு முன் வேகத்தை மாற்ற மேல் தட்டில் இருக்கும் டயலை இரண்டு விரலால் பிடித்துத் திருக வேண்டும். 1989 இல் வந்த இஓஎஸ்-1, பின்பக்கம் கட்டைவிரலுக்குப் பெரிய சக்கரம் ஒன்றைச் சேர்த்தது. பிடியை விடாமலே ஷட்டர் வேகத்தை ஒரு விரலும் லென்ஸ் துளையை இன்னொரு விரலும் மாற்றலாம். இன்றைய எந்தப் பெரிய கேமராவைத் தொட்டாலும் அந்த இரண்டின் சாயல் தெரியும்.

விரல் ஒரு வீட்டில் பழகிவிட்டால் வேறு வீட்டில் இடறும். நிக்கான் லென்ஸில் ஃபோகஸ் வளையம் திரும்பும் திசை கேனனுக்கு நேர் எதிர். லென்ஸைக் கழற்றி மாட்டும் திசையும் எதிர். நிக்கானின் வெளிச்ச அளவுகோலில் கூட்டல் குறி நெடுங்காலம் இடப்பக்கம் இருந்தது; கேனனில் வலப்பக்கம். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் முதல் பருவம் முழுக்கக் கூட்ட வேண்டிய இடத்தில் கழிப்பார்கள். விளம்பரத்தில் மயங்கி உடனே மாறத் துடிப்பவர்களிடம் நான் சொல்வது, உங்கள் கையில் உள்ள கல்வியின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

இதற்கிடையே ஃபோகஸின் வேலையே பெருத்துவிட்டது. ஆரம்பத்தில் ஃபோகஸ் புள்ளி நடுவில் ஒன்றே ஒன்று. பின் ஐந்தாயிற்று. 1998 இல் வந்த இஓஎஸ்-3 இல் 45. எந்தப் புள்ளி பறவையின் கண்மேல் இருக்க வேண்டும் என்று யார் சொல்வது? 1992 இல் வந்த இஓஎஸ் 5, அதைக் கண்ணிடமே விட்டுப் பார்த்தது. வியூஃபைண்டருக்குள் அகச்சிவப்பு விளக்குகளின் ஒளி கண்ணில் பட்டுத் திரும்புவதை வைத்து, நாம் எந்தப் புள்ளியைப் பார்க்கிறோம் என்று கேமரா கண்டுபிடிக்கும். இஓஎஸ்-3 அதை 45 புள்ளிகளுக்கும் விரித்தது. சிலருக்கு அற்புதமாக வேலை செய்தது. கண்ணாடி போட்ட பலருக்குச் சரிவரவில்லை. டிஜிட்டல் காலம் வந்தபோது கேனன் அதைக் கைவிட்டது. 2021 இல் ஆர்3 வரும் வரை அது திரும்பவில்லை.

ஆகவே புள்ளியை நகர்த்தும் சுமையும் கட்டைவிரலுக்கே வந்தது. 2004 இல் கேனன் 20டி கேமராவில் எட்டுத் திசையில் அசையும் குட்டிக் குச்சி முளைத்தது. 2007 இல் 40டி, 1டி மார்க் 3 ஆகியவற்றில் ஃபோகஸுக்கென்றே 'ஏஎஃப்-ஆன்' என்று எழுதிய தனிப் பொத்தான் கிடைத்தது. நட்சத்திர வீட்டிலிருந்து சொந்த வீடு. இருந்தாலும் ஒரு குறை. குச்சியைத் தள்ளப் போகும் விரல் பொத்தானை விட்டாக வேண்டும். விட்டால் பின்தொடர்தல் நின்றுவிடும். 2020 இல் 1டி எக்ஸ் மார்க் 3 இந்த இடத்தில் ஒரு நல்ல யோசனையைக் கொண்டுவந்தது. ஏஎஃப்-ஆன் பொத்தானின் மேற்பரப்புக்குள்ளேயே விரலின் அசைவை உணரும் ஒளியுணர்வி. அழுத்தினால் ஃபோகஸ், அழுத்தியபடியே விரலைச் சற்றே வருடினால் புள்ளி நகரும். விரல் எங்கும் போக வேண்டியதில்லை.

அதற்குள், உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி இல்லாத கேமராக்கள் வந்து, விலங்கின் கண்ணைத் தாங்களே தேடிப் பிடிக்கத் தொடங்கின. 2019 இல் சோனி விலங்குகளின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதியைத் தந்தது. 2020 இல் கேனன் ஆர்5 நாய், பூனையோடு பறவைகளையும் சேர்த்துக்கொண்டது. பறந்து வரும் செங்கால் நாரையின் கண்மேல் ஒரு சின்னச் சதுரம் ஒட்டிக்கொண்டே வருவதை முதன்முறை பார்த்தவர்கள், இனி விரலுக்கு என்ன வேலை என்றுதான் நினைத்தார்கள்.

வேலை இருக்கிறது. முதுமலையில் உண்ணிச்செடிப் புதருக்குள் புலி படுத்திருக்கிறது என்று வையுங்கள். முகத்தில் பாதி இலை, குறுக்கே நான்கு குச்சிகள். கேமரா முன்னால் ஆடும் இலையைப் பிடித்துக்கொண்டு விடாது. அப்போது அந்த வசதியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு சிறு புள்ளியைக் குச்சிகளின் இடைவெளிக்குள் செருக வேண்டும். பட்டியலைத் திறந்து மாற்ற நேரம் கிடையாது. ஜீப்பில் இருப்பவர்களுக்கே புலி இருக்கும் இடம் சரியாகத் தெரியாதபோது, கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிப்பதே கடினம்.

ஷட்டர் பொத்தானின் பாதி அழுத்தத்துக்கும் புதுக் குடி வந்துவிட்டது. ஃபோகஸ் வெளியேறிய பின் சும்மா கிடந்த இடம் அது. 2016 இல் ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 கேமராவில் ஒரு வசதி: பாதி அழுத்தியதுமே கேமரா ரகசியமாகப் படங்களை எடுத்துத் தற்காலிகமாகச் சேமிக்கத் தொடங்கும், முழுதாக அழுத்தும்போது அதற்கு முந்தைய 14 படங்களையும் சேர்த்துத் தரும். கிளையை விட்டு மீன்கொத்தி எழும் கணத்தை மனித விரலால் பிடிக்க முடியாது. பறவை எழுந்ததை நாம் உணர்வதற்குள் அது சட்டகத்தில் இருக்காது. அந்தத் தாமதத்தை இது ஈடுகட்டுகிறது. ஆனால் பாதி அழுத்தத்தில் விரலை நடுங்காமல் நிறுத்திக் காத்திருப்பது தனிப் பயிற்சி. நாற்பது வருடத்துக்கு முன் ஃபோகஸுக்காகப் பழகிய அதே அழுத்தம், இப்போது வேறொன்றுக்காக.

2021 இல் வந்த நிக்கான் இசட்9 இல் இயந்திர ஷட்டரே கிடையாது. ஓசை இல்லை, அதிர்வும் இல்லை. விலங்குக்கு இது பெரிய நிம்மதி. கூச்சமுள்ள பறவைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதற்காகவே மகிழலாம். விரலுக்கோ, தான் செய்ததற்குப் பதில் எதுவும் வருவதில்லை. படம் எடுத்துக்கொண்டிருக்கிறோமா இல்லையா என்பதைத் திரையின் ஓரத்தில் மினுங்கும் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விரலின் செய்தியைக் கண் வாங்கிச் சொல்லும் இந்த நிலையும் இந்த நெடும்பயணத்தில் எனக்கு உவக்காதது. பொத்தானுக்குள் ஒரு மெல்லிய துடிப்பை யாராவது வைத்துக் கொடுத்தால் வரவேற்பேன்.

இன்று காட்டுக்குப் போகிறவர்களில் பலர் இரண்டு பொத்தான்களுக்கு ஃபோகஸைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ஒற்றைப் புள்ளி, மற்றொன்றில் கண்ணைத் தேடும் முறை. கேனன் கேமராக்களில் அதற்கு வாகானது ஏஎஃப்-ஆனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நட்சத்திரப் பொத்தான். 2007 இல் ஃபோகஸ் காலி செய்துவிட்டுப் போன அதே இடத்தில் மறுபடி அதற்கு ஒரு குடியிருப்பு. இரண்டுக்கும் இடையே தூரம் விரல் நுனியின் அகலம்கூட இல்லை. உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பனிமூட்டமான காலையில் விறைத்த கட்டைவிரலுக்கு வித்தியாசம் புலப்படாமல் போகும். அதனால் சிலர் ஒரு பொத்தானின் மேல் மட்டும் ஒரு பொட்டுப் பசையை விட்டுக் காயவைத்து மேடாக்கிக்கொள்கிறார்கள். எந்தப் பொத்தானில் மேடு இருக்க வேண்டும் என்று கேட்டால், அவசரத்தில் தேவைப்படும் பொத்தானில் என்பேன். புதருக்குள் இருக்கும் புலிக்கு, அந்த ஒற்றைப் புள்ளியில்.